யாரைப் பார்த்து ஸ்தோத்திரம்?

கேள்வி (2023 அக்டோபர் 2)

"எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறை உடல் ஊனமுற்றோர் இல்லம் ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறோம். நம்மைவிடக் குறைவுள்ளவர்களைப் பார்த்தால்தான் தேவன் நமக்குக் கொடுத்திருப்பவற்றின் அருமை தெரியும். 'எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதைக் கற்பிக்க இதைவிட நல்ல வழி உண்டா? திரும்பி வரும்போது வண்டியில் ஒரு பிள்ளைகூட முணுமுணுப்பதில்லை."

அக்டோபர் 2, இரவு 9.40

நீங்கள் அழைத்துச் செல்லும் அந்த இல்லத்தின் கட்டிலில் உட்கார்ந்திருந்த பிள்ளை நான் என்பதால் பதில் எழுதுகிறேன். அதே இல்லம் அல்ல, அது போன்ற ஒன்று.

இரண்டு வயதில் போலியோ வந்து என் வலது கால் சூம்பிப்போனது. 1970இல், ஒன்பது வயதில், என்னைப் போன்ற பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை பக்கத்து ஊர் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு பொட்டலம் ரொட்டி கொடுத்தார்கள். என் வயதுப் பையன் ஒருவன் என் கட்டிலுக்கு முன்னால் நின்று, காலைத் தாங்க நான் மாட்டியிருந்த காலிப்பர் என்ற இரும்புச் சட்டத்தின் தோல்வாரையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் தொட்டுப் பார்க்க அவனுக்கு ஆசை என்பது தெரிந்தது. தொடச் சொல்லலாம் என்று நானும் நினைத்தேன். அதற்குள் ஆசிரியை அவன் தோளில் கை வைத்து, "பார்த்தாயா, உனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்" என்றார். அவன் என் காலைப் பார்த்தபடியே "ஸ்தோத்திரம்" என்றான். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஸ்தோத்திரம் என்றால் எதிரே நிற்பவரும் ஸ்தோத்திரம் என்று சொல்ல வேண்டும், அதுதான் எங்களுக்கு வணக்கம். ஆகவே பழக்கத்தில் நானும் "ஸ்தோத்திரம்" என்றேன்.

அவன் எதற்காகச் சொன்னான் என்பது அன்று இரவே எனக்குப் புரிந்துவிட்டது. நான் எதற்காகச் சொன்னேன் என்பது 53 ஆண்டுகளாகப் புரியவில்லை.

அக்டோபர் 2, இரவு 10.15

வசனம் கேட்பீர்கள். லூக்கா 18ஆம் அதிகாரத்தில் தேவாலயத்துக்குப் போன பரிசேயன், அதாவது யூத மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவன், வரி வசூலிக்கும் ஒருவனைக் காட்டி, "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறான். அவன் கேட்டது ஒன்றுமில்லை, முறையிட்டதும் ஒன்றுமில்லை, முழுக்க முழுக்க நன்றி மட்டுமே சொன்னான். நாம் அவனைப் பெருமைக்காரன் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் அவன் செய்ததற்குப் பெயர் ஸ்தோத்திர ஜெபம். தூரத்தில் ஒருவன் தாழ்ந்து நிற்காவிட்டால் அந்த ஜெபத்துக்கு வாசகமே கிடைத்திருக்காது.

அக்டோபர் 3, காலை 6.30

ஒரு திருத்தம். கேள்வி கேட்டவர் எடுத்துக்காட்டிய வசனம் பிழையானது. 1 தெசலோனிக்கேயர் 5:18இல் இருப்பது "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்பது, "எல்லாவற்றிற்காகவும்" அன்று. முன்னது ஏழாம் வேற்றுமை, பின்னது நான்காம் வேற்றுமை. நோயில் இருக்கும்போது ஸ்தோத்திரம் செய்வது வேறு, நோய்க்காக ஸ்தோத்திரம் செய்வது வேறு. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட் சபையாரான நம்மவரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வந்த திருவிவிலியம் "எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள்" என்று இதை இன்னும் தெளிவாக்குகிறது. என் காலுக்காக நானோ, என் காலைப் பார்த்துப் பிறரோ நன்றி சொல்ல வேண்டும் என்று பவுல் எழுதவில்லை.

அக்டோபர் 3, காலை 10.50

என் ஏழாம் வேற்றுமையின் வெற்றி நான்கு மணி நேரம் நீடித்தது. எபேசியர் 5:20ஐப் பார்க்கச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். பார்த்தேன். "எப்பொழுதும் எல்லாவற்றிற்காகவும்" என்றே இருக்கிறது. அதையும் எழுதியவர் பவுல்தான். இலக்கணத்தை வைத்து வேதத்தை மடக்கப் பார்த்ததற்கு இது போதும்.

அக்டோபர் 8, ஞாயிறு இரவு

ஆராதனை முடிந்து வந்து யோசித்ததை எழுதுகிறேன். எங்கள் சபையில் பதினொரு ஆண்டுகளாக ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைப் பிரித்து, எண்ணி, அறிவிப்புக்குப் பட்டியல் எழுதிக் கொடுப்பது என் வேலை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவனுக்குச் சபை இதைத்தானே கொடுக்கும்? மனிதர் எவற்றிற்கெல்லாம் நன்றி சொல்கிறார்கள் என்பதை இந்த ஊரில் என்னைவிட அதிகமாக அறிந்தவர் இல்லை என்று சொல்லலாம். பிறந்தநாள், திருமணநாள், மகளுக்குச் சுகப்பிரசவம், மகனுக்கு விசா, புதிய பைக், அடமானத்தில் இருந்த நகை மீண்டது. எங்கள் தேரிக்காட்டுப் பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டு உப்பில்லாத தண்ணீர் வந்துவிட்டால் ஐந்நூறுக்குக் குறையாமல் கவர் வரும்.

இன்று ஒரு கவர். "விபத்தில் உடன் சென்ற நண்பன் மரித்தும், என் மகனை மட்டும் காத்த கர்த்தருக்கு, ரூ. 1,000." அந்தத் தாயின் எழுத்தில் "மட்டும்" என்ற சொல்லில் பேனா அழுத்திக் காகிதம் கிழிந்திருந்தது. பட்டியலில் நான் "மகனைக் காத்ததற்காக" என்று மட்டும் எழுதினேன். மரித்த பையனின் அத்தை நம் சபையில்தான் மூன்றாவது வரிசையில் உட்காருகிறார்.

அந்தத் தாயைப் பரிசேயனோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பயத்தில் நடுங்குகிறவர் சொல்லும் ஸ்தோத்திரத்துக்கு இலக்கணம் பார்க்கக் கூடாது. அக்டோபர் 2ஆம் தேதி இரவு எழுதியதை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறேன். பிள்ளைகளை வரிசையில் அழைத்துச் சென்று கற்பிப்பதைப் பற்றிச் சொன்னதைத் தளர்த்தவில்லை.

அக்டோபர் 11

"வேறு எப்படித்தான் நன்றியைக் கற்பிப்பது?" என்ற கேள்விக்கு.

என் தாய் "நன்றி" என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. சாப்பாடு போட்ட தாய்க்கு நன்றி சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். வள்ளுவர் "செய்ந்நன்றி அறிதல்" என்று அதிகாரத்துக்குப் பெயர் வைத்தபோது நன்றி என்பது செய்யப்பட்ட நன்மையைக் குறித்தது. நன்மை செய்தவருடையது நன்றி. பெற்றவருடைய வேலை அதை அறிவது. சொல்லித் தீர்த்துவிடும் ஒன்றாக அது பின்னால்தான் ஆனது.

தாய் என்ன செய்தார் என்றால், உலைக்கு அரிசியை உழக்கால் அளந்து சுளகில் கொட்டியபின், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பு மூலையில் இருந்த கலயத்தில் போடுவார். கைப்பிடி அரிசிக் காணிக்கை. மாதக் கடைசியில் கலயம் ஆலயத்துக்குப் போகும். அளப்பதற்கு முன் எடுக்கமாட்டார், அளந்த பிறகுதான் எடுப்பார். அதாவது எங்கள் பங்கிலிருந்து எடுப்பார். ரேஷன் அரிசி மட்டுமே இருந்த மாதங்களில் உழக்கின் எண்ணிக்கை குறைந்தது, கையின் அளவு குறையவில்லை. அப்போது அவர் யாரையும் திரும்பிப் பார்த்ததில்லை. எங்களைவிட இல்லாதவர்கள் தெருவில் இருந்தார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு மூலையிலும் கலயம் இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கைப்பிடியை ஈடுகட்ட அவர் தம் தட்டில் குறைத்துக்கொண்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இதைப் பெருமையாகச் சொல்லும் பிரசங்கங்களைக் கேட்கும்போது எனக்குச் சற்று எரிச்சல் வரும்.

அக்டோபர் 15

சொல் ஒன்றைப் பற்றி. ஆலயத்தில் அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரம் வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முன்வரிசைப் பிள்ளைகளின் தலைகள் திரும்பும். "தன் தாயின் வயிற்றில் பிறந்ததுமுதல் சப்பாணியாயிருந்த ஒரு மனுஷன்." வேதத்தில் அது நோய் குணமாகப் போகிறவனின் பெயர், பள்ளிக்கூட மைதானத்தில் அது என் பெயர். புதிய மொழிபெயர்ப்பில் "கால் ஊனமுற்றவர்" என்று "அர்" விகுதியோடு வருகிறது. அந்த ஓரெழுத்து மரியாதைக்காக நான் பழைய மொழிபெயர்ப்பை விட்டுவிடவில்லை. காது அதற்குப் பழகிவிட்டது.

எனக்குப் பிடித்தவன் மேவிபோசேத். தாவீது அரசனின் நண்பன் யோனத்தானின் மகன், இரண்டு காலும் முடம். தாவீது தேடி அழைத்தபோது, தன்னைச் செத்த நாய் என்று சொல்லிக்கொண்டு தரையில் விழுகிறான். அவன் சொன்ன நன்றி அது. தாவீது அதற்குப் பதிலே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலைக்காரனைக் கூப்பிட்டு, இவன் நிலத்தை உழு, இவன் என் பந்தியில் சாப்பிடுவான் என்று ஏற்பாட்டைச் சொல்கிறான். பந்தியில் உட்கார்ந்துவிட்டால் கால்கள் தெரியாது.

எங்கள் சபை அசனத்தில் இது தலைகீழ். எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து, பணக்காரன் ஏழை பார்க்காமல் ஒரே சோற்றை உண்பதுதான் அசனத்தின் அழகு. இரும்புக்காலோடு தரையில் உட்கார முடியாத எனக்கு ஒரு நாற்காலி போட்டு, சேகரகுருவானவர் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். ஊரே சமமாக இருக்கும் நாளில் நான் ஒருவன் மட்டும் உயர்ந்த இடத்தில் இருப்பேன்.

அக்டோபர் 16

"உதவி பெற்றவர்கள் ஏன் இவ்வளவு ரோஷப்படுகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் அசரியா. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லை. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்நின்றவர், 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானவர், ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேல்நாட்டு மிஷனெரிகள் நிறைந்த சபையில் அவர் பேசினார். உரையின் முடிவில் நன்றி சொன்னார்: உங்கள் தியாகத்தை இந்தியத் திருச்சபை எந்நாளும் நன்றியோடு நினைக்கும் என்றார். பிறகு கொரிந்தியர் நிருபத்தின் அன்பின் அதிகாரத்தை எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்தார்: ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நன்றியோடு நிறுத்தியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

1970இல் அந்தப் பையன் தோல்வாரைத் தொட்டுப் பார்த்திருந்தால், நாங்கள் இருவரும் அரை மணி நேரத்துக்காவது நண்பர்களாக இருந்திருப்போம்.

அக்டோபர் 29, ஞாயிறு

இதுவரை என்னைப் பாதிக்கப்பட்டவனாகவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இன்று காணிக்கை எண்ணும்போது கை நின்றுவிட்டது.

எங்கள் ஆலயத்தைப் பெருக்கி, மணி அடித்து, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஒரு கவர் போடுவார். பத்து ரூபாய். காரணம் எழுதும் இடத்தில் ஒன்றும் இருக்காது, பெயர் மட்டும் கோணலாக இருக்கும். நான் இந்தப் பொறுப்புக்கு வந்த ஆண்டு, அறிவிப்பு நீளுகிறது என்று எல்லாரும் குறைசொன்னதால், ஐம்பது ரூபாய்க்குக் குறைந்த காணிக்கைகளின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். கமிட்டி தீர்மானம் எதுவும் இல்லை, நானாகச் செய்தேன். பட்டியலின் கடைசியில் "மற்றும் பலர்" என்று எழுதிவிடுவேன்.

பதினொரு ஆண்டுகளாக அவர் "மற்றும் பலர்." தம் பெயர் வாசிக்கப்படுவதற்காகக் காத்திருந்து, பிறகு போய் மணிக்கயிற்றின் அருகே நின்றுகொள்வாரா, அல்லது கவலையே படமாட்டாரா, தெரியாது. கேட்டதில்லை. விதவையின் இரண்டு காசைப் பற்றி இதே ஆலயத்தில் ஓய்வுநாள் பள்ளிக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 29, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் பார்த்தால் இரண்டு காசுக்கு நான்குதான் வர வேண்டும். ஐந்தாவது குருவி கொசுறு. காய் வாங்கிய பின் கடைக்காரர் எடை பார்க்காமல் பைக்குள் போடும் கறிவேப்பிலை. "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்று இயேசு சொல்வது விலையில்லாத அந்த ஐந்தாவதையும் சேர்த்து எண்ணிய பிறகுதான். பிரசங்கத்தில் பலமுறை கேட்ட கணக்கு இது. கணக்கெழுதிப் பிழைத்த எனக்கு இன்றுதான் விளங்குகிறது.

நவம்பர் 5

வழக்கத்தை மாற்றினேன். இன்று எல்லாப் பெயர்களும் வாசிக்கப்பட்டன. ஏழு நிமிடம் கூடுதல். மூன்று பேர் என்னிடம் புகார் சொன்னார்கள். மணி அடிக்கிறவர் பெயர் வந்தபோது திரும்பிப் பார்த்தேன்; வெளியே யாரோ ஒருவருடைய மாட்டை வளாகத்திலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழவில்லை.

நவம்பர் 12

இன்று எங்கள் அறுப்பின் பண்டிகை. கருப்பட்டி, முருங்கைக்காய், வாழைத்தார், இரண்டு ஆட்டுக்குட்டி, ஏலத்துக்காகக் காலைக் கட்டிப்போட்ட ஒரு சேவல். குருவானவர் நன்றியறிதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் சேவல் மூன்று முறை கூவியது. சேவல் கூவுமுன் இயேசுவை மூன்று முறை மறுதலித்த பேதுருவைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஆனாலும் சபையில் பலர் தலைகுனிந்தார்கள். சேவல் 1,850 ரூபாய்க்குப் போனது.

இன்னொன்று, விட்டுப்போன கேள்விக்கு. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவில் போலியோ ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்று அளித்தபோது நான் காணிக்கை போட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். போட்டேன், நூறு ரூபாய். "இனி என்னைப்போல் ஒரு பிள்ளையும் ஆகாததற்காக" என்று எழுதினேன். எழுதிய பின் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காலைக் காட்டி நானே ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். அதைத் தவறென்று சொல்லவும் என்னால் முடியவில்லை.

டிசம்பர் 27

பத்து நாள் மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டவர்களுக்கு: இருக்கிறேன்.

17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததிலிருந்து நிற்காத மழை. மறுநாள் காலைவரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் என்று பிறகு சொன்னார்கள். ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் ரயில் நின்றுபோனதும், பக்கத்துக் கிராமத்து மக்கள் இருந்த அரிசியைப் பொங்கிக் கொடுத்ததும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர்க் குளத்தின் கரை நள்ளிரவுக்கு மேல் உடைந்தது.

தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டபோது நான் காலிப்பரை மாட்டிக்கொண்டிருந்தேன். ஈரத்தில் வார் துளையில் நுழையவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அந்த மணி அடிக்கிறவர். ஒன்றும் பேசாமல் முதுகைக் காட்டிக் குனிந்தார். அறுபத்திரண்டு வயதில் இன்னொருவர் முதுகில் உப்பு மூட்டை ஏறினேன். இடுப்பளவு தண்ணீரில் ஆலய மேட்டுக்கு இருநூறு அடி. அவர் கழுத்தில் என் கைகள் கோத்திருந்தன, அவர் மூச்சு என் முன்கையில் பட்டுக்கொண்டிருந்தது. என்னை இறக்கிவிட்டு, அடுத்த தெருவுக்குத் திரும்பிப் போனார். நான்கு முறை போனார். அவர் வீட்டு மண்சுவர் அதற்குள் விழுந்திருந்தது.

2024 ஜனவரி 7

இன்று வெள்ளத்துக்குப் பின்னான ஸ்தோத்திர ஆராதனை. கவர்கள் குவிந்தன. "வெள்ளத்தில் எங்கள் வீட்டிற்குள் தண்ணீர் வராமல் காத்ததற்காக" என்று மட்டும் பதினான்கு கவர்கள். தண்ணீர் வந்த வீடுகளும் கவர் போட்டிருந்தன. யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

என் கவரில் என்ன எழுதுவது என்று நேற்று இரவு முழுவதும் தெரியவில்லை. "பாதுகாத்ததற்காக" என்று எழுதினால், பாதுகாக்கப்படாதவர் யார் என்ற கேள்வி உடனே எழுகிறது. அவருடைய சுவர்தான் விழுந்தது. அவர் பெயரை எழுதலாம் என்றால், பெயர் சொல்லிக் கூச்சப்படுத்தாதீர்கள் என்று சனிக்கிழமையே வந்து சொல்லிவிட்டார். கடைசியில் "முதுகிற்காக, ரூ. 500" என்று எழுதிப் போட்டேன்.

அறிவிப்பு வாசித்த இளைஞருக்கு அது விளங்கவில்லை. சற்றுத் தயங்கி, "முதுகுவலி குணமானதற்காக" என்று என் பெயரைச் சேர்த்து வாசித்தார். குருவானவரும் என் முதுகிற்காகத் தனியே ஜெபித்தார். ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் ஆறு பேர் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள், ஒருவர் கொட்டாரக்கராவில் நல்ல வைத்தியர் இருப்பதாகச் சொன்னார்.

அவர் மணிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அன்றைக்கு நான் மிகவும் கனமாக இருந்தேனா என்று கேட்டேன்.

"நீங்க இல்ல அண்ணாச்சி," என்றார், "அந்த இரும்புதான்."